ஈமாக்ஸுக்குள் ஒரு குடித்தனம்

மெயில் பார்க்க ஒன்று, நிரல் எழுத ஒன்று, குறிப்பு எடுக்க ஒன்று என்று ஆளுக்குப் பத்து மென்பொருள் வைத்திருக்கும் காலத்தில், எல்லாவற்றையும் ஒரே எடிட்டருக்குள் செய்துகொள்ளும் கூட்டம் ஒன்று உண்டு. அந்த எடிட்டர் ஈமாக்ஸ். காலையில் திறந்தால் ராத்திரிதான் மூடுவார்கள் (சிலர் மூடுவதே இல்லை!).

இந்தப் பழக்கம் பிறந்தது அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில். அங்கே டெக்கோ என்றொரு எடிட்டர் இருந்தது. அதற்கு ஆளாளுக்கு மேக்ரோக்கள் எழுதி வைத்ததில், ஒருவர் அமைத்துக்கொண்டது இன்னொருவருக்குப் புரியாத நிலை. 1976-இல் கை ஸ்டீல் இவற்றை ஒழுங்குபடுத்தத் தொடங்க, ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை முடித்துவைத்தார். எடிட்டர் மேக்ரோஸ் என்பதன் சுருக்கமே ஈமாக்ஸ்.

சரி, எடிட்டருக்குள் மெயில் எதற்கு? அன்றைய டெர்மினலில் இருந்தது எழுத்து காட்டும் ஒரே திரை. மவுஸ் கிடையாது, சன்னல்கள் கிடையாது. திரையை இரண்டாகப் பிரித்துக் காட்ட எடிட்டருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே கோப்புப் பட்டியல், மெயில் எல்லாம் அதற்குள்ளேயே குடிவந்தன.

இன்னொரு காரணம், அதைப் பயன்படுத்துபவரே மாற்றிக்கொள்ளலாம் என்பது. பெர்னார்ட் கிரீன்பெர்க் 1978-இல் மல்டிக்ஸ் கணினிக்காக லிஸ்ப் மொழியில் ஓர் ஈமாக்ஸ் எழுதினார். அவருடைய அலுவலகச் செயலாளர்கள் கையேட்டைப் பார்த்துத் தங்களுக்கு வேண்டிய கட்டளைகளைத் தாங்களே எழுதிக்கொண்டார்களாம். அது நிரலெழுதுவது என்று கையேட்டில் எங்கும் சொல்லாததால் யாரும் பயப்படவில்லை! இதைச் சொன்னவர் ஸ்டால்மன், 2002-இல் ஓர் உரையில். அவருடைய குனு ஈமாக்ஸும் 1985-இல் லிஸ்ப்போடுதான் வந்தது. ஒரு டேப் 150 டாலர். 2003-இல் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் குறிப்புகளுக்காக ஆர்க் மோடு எழுதிய பிறகு டைரியும் உள்ளே போனது.

ஆனால் இந்த "எல்லாம்" என்பது வெகுகாலம் ஆங்கிலத்தில் எல்லாம் என்றுதான் பொருள்பட்டது. தமிழில் ஒரு கடிதம் எழுத வேண்டுமா? வீட்டை விட்டு வெளியே வா!

செஞ்சி அருகே தளவானூரில் 7-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் இருக்கிறது. அங்கே கிரந்த எழுத்தில் சமஸ்கிருதக் கல்வெட்டும், தமிழ் எழுத்தில் தமிழ்ப் பாட்டும் உண்டு. உளிக்கு எந்த எழுத்தும் ஒன்றுதான். கணினிக்கு அப்படியில்லை. பல எழுத்துகளை ஒரே கோப்பில் வைக்கும் வசதியை ஜப்பானில் ஹாண்டா கெனிச்சி குழுவினர் மியூல் என்ற பெயரில் உருவாக்கினார்கள். அது 1997-இல் ஈமாக்ஸின் 20-ஆம் பதிப்பில் சேர்ந்தது. தமிழ்ச்சூழல் வந்தது 2007-இல், 22-ஆம் பதிப்பில். அதில் தமிழ் எழுத்துகளைக் கோக்கும் நிரலைக் கவனித்துக்கொண்டவரும் ஒரு ஜப்பானியர்தான், கவாபாட்டா தைச்சி.

சிக்கல் எங்கே என்றால், "கொ" என்பதைக் கணினி முதலில் க, பிறகு ஒகரக் குறி என்றுதான் சேமிக்கும். திரையிலோ கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம் நிற்க வேண்டும். இதைச் செய்யத் தெரியாத மென்பொருளில் புள்ளி வட்டங்கள்தான் மிஞ்சும். 2009-இல் ஈமாக்ஸ் உள்ளுக்குள் யூனிகோடுக்கு மாறியது. 2020-இல் 27-ஆம் பதிப்பு ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோப்பு நூலகத்தை எடுத்துக்கொண்டது. ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் தமிழைக் கோப்பது இதே நூலகம்தான். கண்ட்ரோலும் பின்சாய்கோடும் அழுத்தினால் தமிழ், மறுபடி அழுத்தினால் ஆங்கிலம்.

ஆக, இன்று தமிழர் ஒருவர் ஈமாக்ஸுக்குள் குடித்தனம் நடத்தலாம், ஒரு சின்னத் தொல்லையோடு. ஆர்க் மோடில் மளிகைப் பட்டியலைத் தமிழில் அட்டவணையாகப் போட்டால் கோடுகள் நேராக நிற்பதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் சமமான கட்டம் ஒதுக்கும் அந்த டெர்மினல் காலத்துக் கணக்கில் "ர"வையும் "கௌ"வையும் எப்படி அடைப்பது?