மீண்டும் காட்டு விலங்கான ஒட்டகம்

காட்டு விலங்கு, வீட்டு விலங்கு என்று விலங்குகளை இரண்டாகப் பிரிப்பது பள்ளிப் பாடங்களின் வழக்கம். சிங்கமும் புலியும் ஒரு பக்கம், மாடும் குதிரையும் ஒட்டகமும் மறுபக்கம். ஆனால் "வீட்டு விலங்கு" என்பது மனிதன் கொடுத்த பட்டம். விலங்கின் உடலோ அது வாழும் நிலத்துக்கு ஏற்றபடி பல லட்சம் ஆண்டுகளில் உருவானது. பட்டம் போனாலும் உடல் மாறாது. ஆஸ்திரேலிய ஒட்டகங்களின் வரலாறு இதைத்தான் சொல்கிறது.

பாலைவனத்துக்கு ஏற்ற உடல்

ஒட்டகம் திமிலில் தண்ணீரைச் சேமித்து வைக்கிறது என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். அது தவறு. திமிலில் இருப்பது கொழுப்பு. தீனி கிடைக்காத நாட்களில் அதுவே உணவு.

தண்ணீர்ச் சிக்கனத்தின் இரகசியம் வேறு இடத்தில் இருக்கிறது. 1950-களில் சகாராவில் ஒட்டகங்களை ஆராய்ந்த க்னூட் ஷ்மிட்-நீல்சன் என்ற விஞ்ஞானி அதைக் கண்டறிந்தார். தாகத்தில் இருக்கும் ஒட்டகத்தின் உடல் வெப்பம் இரவில் 34 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும், பகலில் 40 டிகிரியையும் தாண்டும். மனிதனுக்கு அது கடும் காய்ச்சல். ஒட்டகத்துக்கோ வியர்வையை மிச்சப்படுத்தும் வழி! உடல் எடையில் கால் பங்கு நீரை இழந்தாலும் அது பிழைத்துக்கொள்ளும். தண்ணீரைக் கண்டால் சில நிமிடங்களில் 100 லிட்டர் வரை குடித்துவிடும். அதன் இரத்தச் சிவப்பணுக்கள் நீள்வட்ட வடிவம் கொண்டவை. அவ்வளவு நீர் சேர்ந்தாலும் உப்புமே தவிர வெடிப்பதில்லை.

சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன் அரேபியாவில் மனிதன் ஒற்றைத் திமில் ஒட்டகத்தைப் பழக்கினான். அதன் காட்டு இனம் பின்னர் அடியோடு அழிந்துவிட்டது. எஞ்சியவை எல்லாம் மனிதனுக்குச் சொந்தமான ஒட்டகங்களே.

ஆஸ்திரேலியப் பயணம்

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி பெரும்பாலும் வறண்ட நிலம். அங்கே குதிரைகளும் மாடுகளும் தண்ணீரின்றித் திணறின. 1840-ல் கேனரி தீவுகளிலிருந்து முதல் ஒட்டகம் வந்து இறங்கியது. அதன் பெயர் ஹாரி. 1846-ல் ஜான் ஹாரக்ஸ் என்பவர் தன் ஆய்வுப் பயணத்துக்கு அதைக் கொண்டுசென்றார. வழியில் ஹாரி அசைந்ததில் அவர் கையிலிருந்த துப்பாக்கி வெடித்தது. காயத்தால் சில வாரங்களில் அவர் இறந்தார். ஹாரியும் சுட்டுக் கொல்லப்பட்டது.

ஆனாலும் ஒட்டகத்தின் தேவை குறையவில்லை. 1860-ல் பர்க், வில்ஸ் குழுவின் பயணத்துக்காகக் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்கள் கப்பலில் வந்தன. 1866-ல் தாமஸ் எல்டர் 100-க்கும் மேற்பட்ட ஒட்டகங்களை வரவழைத்தார். கூடவே ஒட்டகம் ஓட்டுபவர்களும் வந்தனர். ஆப்கானிஸ்தான், பலுசிஸ்தான், பஞ்சாப் எனப் பல இடங்களைச் சேர்ந்த அவர்களை எல்லோரும் "ஆப்கானியர்" என்றே அழைத்தனர். 1870 முதல் 1872 வரை நடந்த தந்திக் கம்பிப் பணிக்குச் சாமான் சுமந்தவற்றில் இவர்களின் ஒட்டகங்களும் இருந்தன. சுரங்க ஊர்களுக்கு உணவும், ஆட்டுப் பண்ணைகளிலிருந்து துறைமுகத்துக்குக் கம்பளியும் ஒட்டக முதுகில்தான் போயின. இவ்வளவு உழைத்தும் அந்த மனிதர்களில் பலருக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டது என்பது வேதனையான செய்தி.

வேலை போனது

1920-களில் லாரிகள் வந்தன. ஒட்டகத்துக்கு வேலை இல்லாமல் போனது. 1925-ல் தெற்கு ஆஸ்திரேலியா ஒட்டக அழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. பதிவு வில்லை இல்லாமல் திரியும் ஒட்டகங்களைக் காவல்துறை சுடலாம் என்றது அச்சட்டம். வளர்த்தவர்களில் பலருக்குக் கொல்ல மனம் வரவில்லை. பாலைவனத்தில் அவிழ்த்து விட்டுவிட்டார்கள்.

ஒட்டகங்கள் சாகவில்லை. முள்செடியும் உப்புச்செடியும் தின்று வளர்ந்தன. பெரிய ஒட்டகத்தை வேட்டையாடும் விலங்கு எதுவும் அங்கே இல்லை. 2010-ஐ ஒட்டிய மதிப்பீடுகள் அவற்றின் எண்ணிக்கையைப் பல லட்சம் என்றன. உலகில் ஒற்றைத் திமில் ஒட்டகங்கள் பெருங்கூட்டமாகக் காட்டு வாழ்க்கை வாழ்வது ஆஸ்திரேலியாவில்தான்!

யார் குற்றம்?

வறட்சிக் காலத்தில் இவை நீர்நிலைகளில் குவிந்து தண்ணீரைப் பாழாக்குகின்றன. அந்த நீர்நிலைகள் ஆதிக்குடி மக்களுக்குப் புனிதமானவை. 2009-ல் டாக்கர் ரிவர் என்ற சிற்றூருக்குள் சுமார் 6000 ஒட்டகங்கள் தண்ணீர் தேடிப் புகுந்தன. 2009 முதல் 2013 வரை நடந்த அரசுத் திட்டத்தில் ஏறக்குறைய 1,60,000 ஒட்டகங்கள் குறைக்கப்பட்டன. பெரும்பாலானவை ஹெலிகாப்டரிலிருந்து சுடப்பட்டவை. 2020 ஜனவரியில் கடும் வறட்சியின்போது மேலும் ஆயிரக்கணக்கானவை கொல்லப்பட்டன.

குடிக்கும் நீரையே இழக்கும் மக்களின் துன்பம் உண்மையானது. அதே நேரத்தில், எந்தக் குணத்துக்காக ஒட்டகத்தைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தார்களோ அந்தக் குணமே பிறகு அதன் குற்றமாகிவிட்டது. குறைந்த தண்ணீரில் வாழும், எதையும் தின்னும், வெயிலைத் தாங்கும். 1860-லும் ஒட்டகம் அப்படித்தான் இருந்தது, இன்றும் அப்படித்தான் இருக்கிறது. மாறியது மனிதனின் தேவை மட்டுமே. ஒரு விலங்கைப் புதிய நிலத்தில் இறக்குவதற்கு முன், அதன் வேலை முடிந்த பிறகு அது எங்கே போகும் என்று யோசிப்பதும் மனிதனின் கடமையாகும்.