கோலார் நிகழ்வுகள்: மீண்டும் நிகழ்த்த இயலாத சோதனை

1951ஆம் ஆண்டு பி. வி. ஶ்ரீகண்டன் கோலார் தங்கவயலின் சுரங்கத்தில் இறங்கியது தங்கத்தைத் தேடி அன்று. அண்டக்கதிர்களால் வளிமண்டலத்தில் பிறக்கும் மியூவான் துகள்கள் பாறைக்குள் எவ்வளவு ஆழம் செல்கின்றன என்று அளக்கவே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹோமி பாபா அவரை அங்கு அனுப்பினார். மியூவானின் சராசரி ஆயுள் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் 2.2 பங்கே. ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறப்பதால் அதன் ஆயுள் நமக்கு நீண்டு தோன்றுகிறது. அதனால்தான் அது மண்ணை எட்டி, பாறையையும் துளைக்கிறது.

அந்த ஆழத்தை அமைத்துக் கொடுத்தவர்கள் இயற்பியலாளர் அல்லர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அதன் அடித்தளங்களில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும். அழுத்தம் தாளாமல் பாறையே வெடித்துச் சிதறும். வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்களே, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரே, அதைத் தோண்டினர். அறிவியல் வரலாறுகளில் அவர்கள் அடிக்குறிப்பாகக்கூட வருவது அரிது.

1960களின் தொடக்கத்தில் மியாகே, நரசிம்மம், ரமணமூர்த்தி ஆகியோர் ஏறத்தாழ 2,760 மீட்டர் ஆழத்தில் கருவியை வைத்தனர். இரண்டு மாதங்கள் கடந்தும் ஒரு மியூவானும் பதிவாகவில்லை. வெறுங்கையுடன் திரும்ப வேண்டிய முடிவுதான். ஆனால் அந்தச் சுழியமே வழிகாட்டியது: இத்தனை அமைதியான இடத்தில் ஒரு தடம் தென்பட்டால், அது நியூட்ரினோ பாறையில் மோதிப் பிறந்த மியூவானாக இருக்கலாமே?

டாடா நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் இணைந்தன. 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகள் செங்குத்துச் சுவர்களாக நிறுத்தப்பட்டன. மேலிருந்து வரும் மியூவான்கள் பெரும்பாலும் நேர்கீழாகப் பாயும். நியூட்ரினோக்களோ பூமியையே ஊடுருவி எத்திசையிலிருந்தும் வரும். எனவே கிடையாகச் செல்லும் தடமே இங்கு சான்று. துகள் கடந்தவுடன் ஒளிரும் நெகிழிப் பலகைகள் முதலில் சைகை தரும். உடனே நியான் குழாய்களில் உயர் மின்னழுத்தம் பாயும். துகள் சென்ற வழியிலுள்ள குழாய்கள் மட்டும் ஒளிரும். புகைப்படக்கருவி அதைப் பதியும். 1965 ஆகஸ்ட் 15 அன்று வளிமண்டல நியூட்ரினோவின் முதல் அறிக்கை அச்சேறியது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இயங்கிய ரைன்ஸ் குழுவின் அறிக்கை ஆகஸ்ட் 30இல் வந்தது. ஆனால் அவர்களது முதல் தடம் பிப்ரவரியிலேயே பதிவாகியிருந்தது. எனவே முதன்மை யாருக்கு என்னும் வழக்கில் கோலாருக்கு வெளியீட்டு முதன்மை மட்டுமே உரியது.

இதைவிட வியப்பூட்டுவது அடுத்த கட்டம். கிடைத்த படங்கள் சிலவற்றில் பல தடங்கள் ஒரே புள்ளியிலிருந்து விரிந்தன. அப்புள்ளி பாறைக்குள் இல்லை. பாறைக்கும் கருவிக்கும் இடைப்பட்ட வெற்றிடத்திலோ கருவியின் மெல்லிய பகுதியிலோ இருந்தது. நியூட்ரினோ காற்றில் மோதும் வாய்ப்பு மிகக் குறைவு. எனவே பாறையில் பிறந்த புதிய துகள் ஒன்று சிறிது தொலைவு பறந்து சிதைந்திருக்க வேண்டும் என்று 1975இல் கிருஷ்ணசாமி, எம். ஜி. கே. மேனன் முதலியோர் வாதிட்டனர். ஆயுள் ஏறத்தாழ ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்நேரத்தில் ஒளி செல்லும் தொலைவு 30 சென்டிமீட்டர். இவையே ‘கோலார் நிகழ்வுகள்’.

குறுகிய ஆயுள் மட்டும் ஒரு பொருளை அறிவியலுக்கு எட்டாததாக்கிவிடாது. மைக்ரோ நொடிகளே வாழும் மூலக்கூற்றுத் துணுக்குகளை வேதியியலார் துடிப்பு லேசரால் உருவாக்கி, அலைநீளத்தை மாற்றக்கூடிய அகச்சிவப்பு லேசரால் அவற்றின் அதிர்வுகளைப் படிக்கின்றனர். ஒரு துடிப்பில் தெளியாதது ஆயிரம் துடிப்புகளின் கூட்டலில் தெளிகிறது. கோலாரில் அந்தக் கூட்டலுக்கே வழியில்லை. பல ஆண்டுக் காத்திருப்பில் விரல்விட்டு எண்ணத்தக்க படங்கள். விரும்பியபோது வரவழைக்க எவராலும் இயலாது. செர்ன், ஃபெர்மி ஆய்வகங்களின் முடுக்கிகளில் தேடியும் அத்துகள் அகப்படவில்லை. உலகம் அதை மறந்தது. பிழை என்று நிறுவப்படாமலேயே மறக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1980இல் அதே சுரங்கத்தில் 140 டன் இரும்புக் கருவி புரோட்டானின் சிதைவைத் தேடத் தொடங்கியது. அதிலும் இத்தகைய தடங்கள் சில தென்பட்டன. 2014இல் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் எம். வி. என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும் பழைய படங்களுக்குப் புது விளக்கம் முன்வைத்தனர். சிதைந்தது பாறையில் பிறந்த குறுவாழ்வுத் துகள் அன்று. குகையின் வெளியில் உலவிய, அண்டத்தின் வயதையொத்த ஆயுளுடைய கரும்பொருள் துகளாக இருக்கலாம் என்றனர். ஒரே படத்துக்கு நானோ நொடியும் ஆயிரம் கோடி ஆண்டுகளும் விடையாகப் பொருந்துகின்றன. சான்றுகள் அத்தனை சில.

தீர்ப்பதற்கு ஆழமான, பெரிய குகை வேண்டும். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகக் குகையின் சுவர்களில் உணர்கருவிகளைப் பொருத்தி இதைச் சோதிக்கலாம் என்ற கணக்கீடும் வெளிவந்தது. எதிர்ப்புகளிலும் வழக்குகளிலும் அத்திட்டம் முடங்கியது. கோலாரின் ஆய்வுகள் 1990களின் தொடக்கத்திலேயே முடிந்திருந்தன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. நீரேற்றிகள் நின்றபின் ஆழ்தளங்கள் வெள்ளத்தில் மூழ்கின.