முக்குளிப்போரின் கைக்கடிகாரம்: பயனும் தோற்றமும்

முக்குளிப்போருக்கான கைக்கடிகாரத்தின் வரலாறு பெரும்பாலும் அதை விற்கும் நிறுவனங்களின் வாயிலாகவே நம்மை வந்தடைகிறது. ஆகவே அது 'யார் முதலில் செய்தார்' என்னும் போட்டியின் கதையாகச் சுருங்கிவிடுகிறது. ஆயின் அக்கடிகாரத்தின் உறுப்புகளை ஒவ்வொன்றாக நோக்கினால் வேறொரு வரலாறு புலப்படும். அவற்றுள் முதன்மையானவை, நீருக்குள் உயிரைப் பணயம் வைத்தவர்கள் கேட்டுப் பெற்றவை.

1943இல் ழாக் கூஸ்தோவும் எமில் காஞானும் உருவாக்கிய அக்வாலங் கருவி, மேலிருந்து வரும் காற்றுக்குழாயினின்று மனிதனை விடுவித்தது. அவ்விடுதலையோடு ஓர் இடரும் சேர்ந்தே வந்தது. முதுகிலுள்ள உருளையில் காற்று அளவோடுதான் இருக்கும். ஆழத்தில் கழியும் நேரம் கூடக்கூட உடலில் கரையும் நைட்ரஜனும் கூடும். நேரக்கணக்குத் தவறியவர் மூச்சின்றியோ, விரைந்து மேலேறுகையில் தாக்கும் அழுத்தத் தளர்வு நோயாலோ மடிய நேரிடும்.

பிரெஞ்சுக் கடற்படையின் போர் நீச்சல் பிரிவை அமைத்த ராபர் மலூபியேயும் கிளோத் ரிஃபோவும், தங்களுக்கு வேண்டிய கடிகாரத்தின் இலக்கணத்தைத் தாங்களே வகுத்தனர்: கருமுகப்பு, இருளில் ஒளிரும் பெரிய குறிகள், வெளிப்புறத்தில் சுழலும் வளையம். 1953இல் பிளாங்பெய்ன் நிறுவனத்தின் 'ஃபிஃப்டி ஃபேதம்ஸ்' அவர்கள் கைக்கு வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் ரோலெக்ஸின் 'சப்மரைனர்' கடிகாரமும் பிறந்தது.

அவ்வளையத்தின் வேலை எளிது. நீரில் இறங்குமுன் அதன் சுழிக்குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், கழிந்த நேரத்தை ஒரே பார்வையில் அறியலாம். பின்னாளில் அது இடப்புறமாக மட்டுமே திரும்பும்படி அமைக்கப்பட்டது. தற்செயலாக எதிலேனும் உரசித் திரும்பினாலும் கழிந்த நேரம் மிகுதியாகவே தெரியும்; முக்குளிப்பவர் முன்கூட்டியே மேலேறுவார். பிழை நேர்ந்தாலும் அது உயிர் காக்கும் பக்கமே சாயும்.

ஜப்பானில் நிகழ்ந்ததும் இத்தகையதே. 1968இல் ஹிரோஷிமா வட்டாரத்துத் தொழில்முறை முக்குளிப்பாளர் ஒருவர், பேராழப் பணியைத் தங்கள் கடிகாரம் தாங்கவில்லை என்று செய்கோவுக்கு மடல் எழுதினார். அழுத்த அறையில் நாள்கணக்கில் தங்குவோரின் கடிகாரத்துக்குள் ஹீலியம் நுழைந்துவிடும். அழுத்தம் குறைகையில் அது விரிந்து கண்ணாடியைப் பெயர்த்துவிடும். ரோலெக்ஸும் டோக்ஸாவும் வாயு வெளியேறத் திறப்பு வைத்தன. செய்கோவோ ஏழாண்டு உழைத்து, வாயு எளிதில் நுழையாத டைட்டானியக் கடிகாரத்தை 1975இல் வெளியிட்டது. ஆழத்தில் உடை நசுங்கும்போது பட்டை தளர்ந்துவிடாதபடி அதில் மடிப்புகளும் அமைந்தன.

இதற்கிடையே கடிகாரம் கரையேறிவிட்டிருந்தது. 1964இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' திரைப்படத்தில் ஷான் கானரி நீருடையைக் களைகிறார். உள்ளே வெண்ணிற விருந்துடை. சற்றுப் பின்னர்த் தீமூட்டியின் ஒளியில் சப்மரைனரைப் பார்க்கிறார். 1983இல் 'ஆர்கா எட்ஜ்' என்னும் முக்குளிப்புக் கணினி சந்தைக்கு வந்தபின், கடிகாரம் படிப்படியாகத் துணைக்கருவியானது. விற்பனையோ குறையவில்லை, கருவியாக இருந்தது அடையாளமாயிற்று.

இன்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க முனைபவருக்கு இவ்வரலாறு நல்ல உரைகல். பொழுதுபோக்காக நாற்பது மீட்டருக்குள் முக்குளிப்பவருக்கு ஹீலியம் திறப்பால் பயனில்லை. ஈரக்கையிலும் பிடிபடும் வளையம், தெளிவாக ஒளிரும் குறிகள், உடைக்கு மேல் கட்டக்கூடிய பட்டை ஆகியனவே தேவை. முகப்பிலுள்ள மீட்டர் எண்ணை மட்டும் நம்பலாகாது. ஐஎஸ்ஓ 6425 தரவிதி குறைந்தது 100 மீட்டர் ஆழத்தையும், குறித்த ஆழத்தின் அழுத்தத்தைவிட 25 விழுக்காடு மிகுதியான அழுத்தத்தில் சோதனையையும் கோருகிறது.

நீரில் இறங்காதவர் அழகுக்காக அணிவதிலும் பிழையில்லை. அவ்வழகு, பெயரற்றுப்போன அந்த மடலாசிரியர் போன்றோரின் அச்சத்திலிருந்தும் பட்டறிவிலிருந்தும் பிறந்தது என்பதை அறிந்து அணிவது நன்று. ஒரு பொருளின் வரலாற்றை எழுதும்போது, செய்தவரைக் கேட்பதோடு பயன்படுத்தியவரையும் கேட்க வேண்டும்.