அளவை நூலும் சமயப் பற்றும்

சமயப் பற்று மக்களின் ஆராய்ச்சியறிவை வளர்ப்பதா, தடுப்பதா என்னும் வினாப் பழமையானது. இதனைப் பொதுவகையில் வைத்து வழக்காடுவோர் இருதிறத்தாரும் தத்தமக்கு வேண்டிய சான்றுகளை வேண்டிய நாடுகளினின்றும் காலங்களினின்றும் எடுத்துக்கொள்வர். ஆதலின் அவ்வழக்கு முடிவதில்லை. தமிழ் நூல்களுள் இவ்வினாவை எல்லை வகுத்து ஆராய்தற்கு ஏற்ற இடம் ஒன்றுண்டு. அது தமிழில் அளவை நூல் வழங்கி வந்த வரலாறாகும். காண்டலும் கருதலும் எவை, ஏது எவ்வாறு அமைதல் வேண்டும், போலி யாது என்றெல்லாம் விரித்துரைக்கும் பகுதிகள் தமிழிற் சமய நூல்களின் அகத்தேதான் பெரிதும் காணப்படுகின்றன. இஃது ஏன் என்பதும், இதனால் விளைந்த நலந்தீங்குகள் யாவை என்பதுமே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தவை.

மணிமேகலையின் 27ஆம் காதையில், மாதவன் வடிவு கொண்ட மணிமேகலை வஞ்சி மாநகரத்தில் அளவைவாதி முதலாகப் பூதவாதி ஈறாகப் பதின்மரைக் கண்டு அவரவர் திறங்களைக் கேட்கின்றாள். அளவைவாதி தொடக்கத்திலேயே, அளவைகள் பத்தென்று வியாதரும், எட்டென்று கிருதகோடியும், ஆறென்று சைமினியும் கொண்டனர் எனக் கூறுகின்றான். மெய்ப்பொருள் யாது என்று கேட்கப் புகுந்தவளுக்கு, மெய்யை அறியும் கருவி யாது என்பது முதற்கண் உரைக்கப்படுகின்றது. புலவர் இம்முறையைத் தற்செயலாக வைத்திலர் என்றே யாம் கருதுகின்றோம்.

29ஆம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் அவளுக்கு அளவை இலக்கணம் உணர்த்துகின்றார். புத்தர் கொண்ட அளவை இரண்டே. ஏனைய யாவும் கருதலுள் அடங்கும். பக்கம், ஏது, திட்டாந்தம் என்பவற்றை விளக்கி, உபநயம், நிகமனம் என்னும் இரண்டையும் திட்டாந்தத்துள் அடக்குவர். பின்னர்ப் பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10 ஆக 33 போலிகள் கூறப்படுகின்றன. இத்தொகையும் வகையும் நியாயப்பிரவேசம் என்னும் வடநூலோடு ஒத்துள்ளன. அந்நூலைத் திபெத்திய மரபினர் திக்நாகருக்கும், சீன மரபினர் சங்கரசுவாமிக்கும் உரியதாகக் கூறுவர். இவ்வொற்றுமை பற்றி எழுந்த கால ஆராய்ச்சியில், மணிமேகலை திக்நாகருக்கு முற்பட்டதென 1928இல் வெளிவந்த தம் நூலில் எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்கார் கொண்டார். குப்புசுவாமி சாஸ்திரியார் அதனை உடன்பட்டிலர். அவ்வழக்கினுள் யாம் புகவில்லை. எமக்கு வேண்டுவது பிறிதொன்று. ஆகமத்தைத் தனியளவையாகக் கொள்ளாது கருதலுள் அடக்கிய கூட்டத்தார் சமயப் பற்று இல்லாதவர் அல்லர். துறவு பூண்டு சங்கத்திற்குத் தம்மை ஒப்புவித்தவர். தம் முதல்வன் மொழியும் ஏதுவால் நிறுவப்படுதல் வேண்டும் என்று அவர் கொண்டது, பிறசமயத்தாரோடு வாதிட வேண்டிய இன்றியமையாமையால் என்பது தெளிவு. தன் நூலைப் பிறன் ஒப்புக்கொள்ளாதவிடத்து இருவர்க்கும் பொதுவாய் எஞ்சுவன கண்ணும் கருத்துமே அன்றோ?

ஆயினும் ஒன்பது பக்கப் போலிகளுள் ஒன்று ஆகம விருத்தம் எனப்படுகின்றது. தன் நூலுக்கு மாறாக ஒருவன் மேற்கோள் கூறின் அது குற்றமாம். அறிவுக்குச் சமயம் இட்ட தளை இதுவே என்று கூறுவார் உளராகலாம். இடத்தை நோக்கின் அங்ஙனம் கூறுதல் மிகையாகும். ‘என் தாய் மலடி’ என்பது போலத் தன் சொல்லோடு தானே முரணுவது சுவசன விருத்தம். தான் சார்ந்து நிற்கும் நூலோடு முரணுவது ஆகம விருத்தம். இரண்டும் வாதிடுவோன் ஒரு நிலையில் நிற்றல் வேண்டும் என்பதையே வற்புறுத்துகின்றன. ஆனால் வாதிடுவோன் தன் நூலையே ஐயுற்று அதனைக் கைவிட விரும்பின் அவனுக்கு அவ்விலக்கணத்தில் இடம் யாது? அதற்கு விடை அங்கே இல்லை. அவன் வேறு சமயத்திற் சேர்ந்த பின்னரே மீண்டும் வாய் திறக்கலாம் போலும்!

பூதவாதியின் பகுதி இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடியவிடத்துக் களிப்புத் தோன்றுவது போலப் பூதங்களின் கூட்டத்தில் உணர்வு தோன்றும். மறுமை என்பது பொய் என்கின்றான் அவன். எல்லா மார்க்கமும் கேட்ட மணிமேகலை, அவை நல்லவல்ல எனினும் மாறுரைக்கவில்லை எனக் கூறித் தன் முற்பிறப்பைத் தான் அறிந்திருத்தலை உளத்திற் கொண்டு நகுகின்றாள். பூதவாதியோ, தெய்வ மயக்கத்தாலும் கனவாலும் மனம் திரிந்தார்க்கு அத்தகைய எண்ணம் உண்டாகும் என்கின்றான். அதற்கு அவள் கூறும் விடை, நின் தந்தை தாயரைக் கருதலளவையால் அன்றி வேறெவ்வாறு அறிவாய் என்பது. விடை கூரியது; காட்சி ஒன்றையே கொள்வான் வாயடங்க வேண்டுவதே. ஆனால் கருதலும் ஓர் அளவை என்று நிறுவிய துணையானே அவள் கண்ட முற்பிறப்பு மெய்யென்று நிறுவப்பட்டதாகாது. மணிமேகலா தெய்வம் தூக்கிச்சென்ற மணிபல்லவத்தில் பெற்ற அறிவு அது. தெய்வ மயக்கு என்னும் பூதவாதியின் ஐயம் அவ்விடத்தையே தொடுகின்றது. அவ்வையம் மறுக்கப்படாமலே காதை முடிவுறுகின்றது. புத்த சமயத்தைப் பரப்பவே நூல் செய்த சாத்தனார், தம் தலைவியின் நம்பிக்கையை அடியோடு அசைக்கும் வினாவைப் பூதவாதியின் வாயில் வைத்தாரே, அஃது எங்ஙனம்? பகைவன் கூற்றை வலியுடையதாக எடுத்துரைத்தல் வாத மரபு. அம்மரபினை அவர் தம் நெஞ்சறிந்து காத்தார் என்பதற்கு மேல் யாம் கூறத் துணியோம்.

இம்மரபு பின்னும் தொடர்ந்தது. குண்டலகேசிக்கு மறுப்பாகச் சைனர் நீலகேசியைச் செய்தனர். முனிவரை அச்சுறுத்த வந்த பேய், அவர் உரைத்த அறங்கேட்டு வாதியாக மாறி ஊர் ஊராகச் செல்கின்றது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் உலகாயதன் முதற் பதினால்வர் கொள்கைகளை முதலிற் கூறிப் பின்னர் மறுத்தார். சுபக்கத்தின் தொடக்கத்தில் அளவை இலக்கணம் வகுத்தார். 1785இல் மறைந்த சிவஞான முனிவர் திருவாவடுதுறை மடத்திலிருந்து தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கினார். இவர்களுடைய அறிவு கூர்மை பெற்றது சமயத்தை நீக்கி அன்று.

இதன் மறுபுறம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் அதே திருவாவடுதுறைச் சார்பினரான சுவாமிநாத தேசிகர் தம் இலக்கணக்கொத்தின் உரையில், சைவ நூல்களை விடுத்துச் சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை முதலியவற்றைக் கற்று நாட்போக்குவாரை இகழ்ந்துரைத்தார். தேசிகர் கல்லாதவர் அல்லர். வடமொழி, தென்மொழி இலக்கணங்களில் ஆழ்ந்தவர். பனையோலை ஏடு தானே நில்லாது. படித்தெழுதுவார் வழிவழி வந்தால் அன்றி அழியும். படித்தல் வீண் என்று ஆசிரியர் கூறிவிட்ட நூலை மாணவன் படியெடுப்பானா? பகைவர் தீயிட்டதால் நூல்கள் அழிந்தன என்று எளிதிற் கூறுவோர் இதனை எண்ணுவதில்லை. எதிரி இருந்த காலத்து அவன் நூல் கற்கப்பட்டது, மறுத்தற்பொருட்டேனும். எதிரி மறைந்த பின்னர் அவன் நூலைத் தொடுவார் இல்லை. எனவே அறிவுக்குத் தீங்கு சமயப் பூசலால் விளைந்ததினும் பூசல் ஓய்ந்த அமைதியால் மிகுதியாக விளைந்தது என்பது எம் கருத்து.

1880 அக்டோபர் 21ஆம் நாள் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்ட உ. வே. சாமிநாதையர், தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ்களைக் கூறக்கேட்ட முதலியார், சிந்தாமணி படித்ததுண்டா என வினவினார். திருவாவடுதுறையில் ஆண்டுக்கணக்கிற் கற்றவருக்கு அந்நூலிற் பழக்கம் இல்லை. பின்னர்க் கும்பகோணத்துச் சைனரிடம் சென்று அவர் சமயக் கருத்துக்களைக் கேட்டுணர்ந்தே ஐயரவர்கள் 1887இல் சிந்தாமணியை வெளியிட்டார். சைனர்க்கு அது சமய நூல். ஆதலின் அதன் பொருள் அவர்களிடை வழக்கொழியாது நின்றது. மணிமேகலைக்கோ கேட்டுணர்தற்குத் தமிழகத்திற் பௌத்தர் இலர். அரங்காசாரியார் என்னும் பேராசிரியர் பௌத்த நூல்களைக் கற்று எடுத்துரைத்த துணைகொண்டு 1898இல் அந்நூல் உரையோடு வெளிவந்தது.

குண்டலகேசிக்கு அவ்வளவும் வாய்க்கவில்லை. இன்று எஞ்சியவை 19 செய்யுட்களே. அவற்றுட் சில, அதனை மறுக்கவே எழுந்த நீலகேசியின் உரையில் மேற்கோளாக நிற்பவை. பூதவாதிக்கோ ஏடு போற்றிவைக்கப் பள்ளியும் இல்லை, மடமும் இல்லை. தன் கையால் அவன் எழுதிய தமிழ் நூல் ஒன்றும் இன்று நம்மிடம் இல்லை. ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் பற்றிய அவனுடைய உவமையைப் புத்தர் பள்ளியிற் பிறந்த மணிமேகலையிலிருந்தே நாம் எடுத்துப் படிக்கின்றோம்.