விதானத்தில் விரிந்த இருப்புப்பாதை

பாரிஸ் மாநகரின் லியோன் ரயில் நிலையத்தில், நடைமேடைகளைப் பார்த்தவாறு மேல்தளத்தில் ஓர் உணவகம் அமைந்துள்ளது. 1900ஆம் ஆண்டின் உலகப் பொருட்காட்சியையொட்டி, பாரிஸ்-லியோன்-மத்தியதரைக்கடல் ரயில் நிறுவனம் அந்நிலையத்தைப் புதிதாக எழுப்பியது. கட்டடக் கலைஞர் மாரியுஸ் துதுவார். உணவகத்தை 1901இல் திறந்துவைத்தவர் பிரான்ஸ் குடியரசுத் தலைவர் எமில் லூபே.

உள்ளே நுழைவோர் முதலில் காண்பது பொன்முலாம். சுதைச் சிற்பங்கள், செதுக்கிய மரவேலைப்பாடு, தொங்கும் சரவிளக்குகள் என எங்கும் ஒரே செறிவு; கண் இளைப்பாற இடமில்லை என்று குறை கூறினாலும் தவறாகாது. ஆயினும் அவ்வலங்காரத்திற்குள் ஒரு திட்டம் இருக்கிறது. சுவர்களிலும் விதானத்திலும் உள்ள 41 ஓவியங்களில் பெரும்பாலானவை அந்நிறுவனத்தின் ரயில்கள் சென்றடைந்த ஊர்களையும் காட்சிகளையும் காட்டுவன. பெருங்கூடத்தின் விதானத்தில் பாரிஸைத் தீட்டியவர் பிளாமெங். லியோனைத் தீட்டியவர் துயூபூஃப். மார்செய் நகரைத் தீட்டியவர் சேன்-பியேர். நீஸ் நகரத்து மலர்ப்போர் விழாவை ஜெர்வெக்ஸ் வரைந்தார். ஒராஞ்ச் ஊரின் பண்டை உரோமானிய அரங்கை வரைந்த மேஞான், அக்காலப் புகழ்பெற்ற நடிகை சாரா பெர்ன்ஹார்ட்டையும் அதே படத்தில் சேர்த்துவிட்டார். அல்ஜீரியா, துனீசியா பெயர்களைத் தாங்கிய சிற்றறைகளும் உண்டு. கடலுக்கு அப்பால் பரவியிருந்த பிரெஞ்சு ஆட்சியின் சுவடு அவை. பயணச்சீட்டு விற்பதற்கென்றே முதல்தர ஓவியர்களை அமர்த்திய விளம்பரம் என்றும் இதனைக் கூறலாம். உணவுக்காகக் காத்திருப்பவர் அண்ணாந்து பார்த்தால், தாம் இறங்கவிருக்கும் ஊர் தலைக்கு மேலே வெயிலில் ஒளிரும்.

மத்தியதரைக்கடல் கரைக்கு ஓடிய புகழ்பெற்ற சொகுசு ரயிலின் நினைவாக, 1963இல் உணவகத்திற்கு ‘நீல ரயில்’ எனப் பொருள்படும் ‘லெ த்ரேன் ப்ளூ’ என்னும் பெயர் சூட்டப்பட்டது. பெயர் புதிதானாலும் காலம் அனுகூலமாக இல்லை. எளிய கோடுகளையே அழகெனக் கொண்ட அத்தலைமுறைக்கு இவ்வலங்காரம் பழம்பகட்டாகத் தோன்றியது. கூடத்தை இடிக்கும் எண்ணமும் எழுந்தது. அதனைத் தடுத்துக் காத்தவர் எழுத்தாளரும் அந்நாளைய பண்பாட்டு அமைச்சருமான ஆந்த்ரே மால்ரோ. 1972இல் அக்கூடம் வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாப்புப் பெற்றது, 2014இல் சீரமைக்கப்பட்டது.

நீல ரயில் இன்று இல்லை. கீழே நடைமேடைகளிலிருந்து அதிவேக ரயில்கள் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் லியோனையும், 3 மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக மார்செய் நகரையும் அடைகின்றன.