ஊவாத் தோட்டங்களில் எரிபொருள் களவும் காப்பும்

இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களிலும், அவற்றை அண்டிய மரக்கறி, நெல் விவசாயத்திலும் டீசல், பெற்றோல், மண்ணெண்ணெய், விறகு ஆகியவை பயன்படுகின்றன. இவை களவு போகாமல் பார்க்கும் முறைகளே இங்கு எரிபொருள் காப்பு எனப்படுகின்றன. பூட்டு, வேலி, இரவுக் காவல் எல்லாம் இதில் அடங்கும். ஆனால் தோட்டத்து எரிபொருள் பூட்டை உடைத்துப் போவது அபூர்வம். வாங்கும்போது, அளக்கும்போது, பங்கிடும்போது, பதியும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதே வழக்கம். அதனால் காப்பு முறைகளில் முதலிடம் அளவுக்கும் கணக்குக்கும் உரியது. காவல்காரர் அதற்குப் பிறகே வருகிறார்.

எங்கே, என்ன எரிகிறது

பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்கள் சேர்ந்ததே ஊவா மாகாணம். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. அப்புத்தளை 1,400 மீற்றரைத் தாண்டுகிறது. பசறை, லுணுகலை, தெமோதரை, பண்டாரவளை, கொஸ்லந்தை என மலைச்சரிவுகளில் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. 1970களில் காணிச் சீர்திருத்தத்தின் கீழ் அரசுடைமையான தோட்டங்களில் பெரும்பாலானவை 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறின.

தோட்டத்தார் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைதான் எரிபொருளை அதிகம் விழுங்கும் இடம். கொழுந்து வாட்டும் காற்றாடிகளும் ரோலர்களும் மின்சாரத்தில் ஓடுகின்றன. மின்சாரம் போனால் டீசல் ஜெனரேட்டர் ஓட வேண்டும். 100 கிலோவோல்ட் ஆம்பியர் ஜெனரேட்டர் முழுச் சுமையில் மணிக்கு 20 லீற்றருக்கு மேல் குடிக்கும். கொழுந்து வாட அரை நாளுக்கு மேல் பிடிக்கும் என்பதால் நடுவில் காற்றாடி நின்றால் அந்த நாளின் தேயிலையே கெட்டுவிடும். தேயிலையை உலர்த்தும் சூட்டை இன்று பெரும்பாலும் விறகு தருகிறது. 1970களின் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பிறகு உலை எண்ணெயிலிருந்து விறகுக்கு மாறிய ஸ்டோர்கள் பல.

ஸ்டோருக்கு வெளியே கொழுந்து லொறி, டிராக்டர், வெளிக்கள உத்தியோகத்தர்களின் மோட்டார் சைக்கிள், புல்வெட்டும் இயந்திரம் ஆகியவை இருக்கின்றன. களைகொல்லியான கிளைபோசேற்றுக்கு 2015இல் தடை வந்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அது தளர்த்தப்படும் வரை, களையைக் கையாலோ பெற்றோல் இயந்திரத்தாலோ வெட்டவேண்டியிருந்தது. சின்னக் கேன்களில் பெற்றோல் மலைக்குப் போகும் வழக்கத்தைக் கணக்கில் எடுக்காத காப்பு முறை அரைகுறையானதே. ஸ்டோரின் தொட்டிக்கு நாலு பூட்டுப் போட்டுவிட்டு, மலைக்குப் போன கேனில் எவ்வளவு மிஞ்சித் திரும்பியது என்று கேட்காத தோட்டங்கள் உண்டு.

தொட்டியும் அளவுகோலும்

தோட்டத்து டீசல் தொட்டி பெரும்பாலும் படுக்கைவாட்டில் வைத்த உருளை. அதில் கோலை இறக்கி, நனைந்த உயரத்தைப் பார்த்து எவ்வளவு இருக்கிறது என்று எழுதுகிறார்கள். களவு பற்றிய பாதித் தகராறு இந்தக் கோலில்தான் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு: 1.2 மீற்றர் விட்டமும் 2 மீற்றர் நீளமும் உள்ள தொட்டியில் சுமார் 2,260 லீற்றர் கொள்ளும். தொட்டி பாதியாக இருக்கும்போது கோலில் 1 சென்ரிமீற்றர் இறங்கினால் போனது சுமார் 24 லீற்றர். அடியிலிருந்து 10 சென்ரிமீற்றரில் இருக்கும்போது அதே 1 சென்ரிமீற்றர் வெறும் 13 லீற்றர்தான். மொத்தக் கொள்ளளவை உயரத்தால் வகுத்து, சென்ரிமீற்றருக்குச் சுமார் 19 லீற்றர் என்று ஒரே கணக்கை எழுதிவரும் கிளாக்கரின் புத்தகத்தில், ஒருவரும் ஒரு சொட்டும் தொடாமலே டீசல் காணாமல் போகும், பிறகு தானாகத் திரும்பியும் வரும். நடுவில் 5 சென்ரிமீற்றர் திருடியவருக்கோ 25 லீற்றர் அளவுக்குக் கணக்கே மறைப்புத் தரும். உயரத்துக்கு உயரம் லீற்றரை எழுதிய அட்டவணை ஒன்று தொட்டியருகே தொங்கவேண்டும். மலைச்சரிவில் மண் இறங்கித் தொட்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்த அட்டவணையும் பிழைக்கும். ஆகவே நீர்மட்டக் கருவியைத் தொட்டியின் மேல் வைத்து அவ்வப்போது பார்ப்பது நல்ல வழக்கம்.

குளிரும் கணக்கில் சேரும். டீசல் ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.08 சதவீதம் சுருங்குகிறது. கொழும்பருகே கொலன்னாவைக் களஞ்சியத்தில் பவுசர் எனப்படும் தாங்கி வண்டியில் 30 பாகையில் ஏற்றிய 6,600 லீற்றர், அப்புத்தளைக் குளிரில் 16 பாகைக்கு இறங்கும்போது 75 லீற்றர் அளவு குறைந்து நிற்கும். இது பவுசர் சாரதியின் குற்றமல்ல. ஆனால் 200 லீற்றர் குறைந்தால் அதற்குக் குளிரைக் காரணம் சொல்ல முடியாது. வெப்பநிலையை எழுதிவைக்காத இடத்தில் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

திருடிய அளவுக்குத் தண்ணீரை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்வது பழைய தந்திரம். தண்ணீர் டீசலுக்கு அடியில் போய்த் தங்கும் என்பதால், கோலின் நுனியில் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையைத் தடவி இறக்கினால் பிடிபட்டுவிடும். மழைக்காலத்தில் மூடி வழியாகவும் தண்ணீர் இறங்கும். காலைக் குளிரில் தொட்டியின் உட்சுவரில் வியர்த்தும் சேரும். எனவே பசை நிறம் மாறியதும் ஆளைத் தேடுவதற்கு முன், மூடியின் ரப்பர் வளையத்தைப் பார்ப்பது முறை.

கொழுந்து லொறி

வாகனத்தின் தொட்டியிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சுவதும், அடி ஆணியைக் கழற்றி வடிப்பதும் பரவலான களவு முறைகள். தொட்டியின் வாய்க்குள் பொருத்தும் சல்லடைத் தடுப்பும், ஆணிக்குக் கம்பி முத்திரையும் இவற்றை ஓரளவு தடுக்கும். வாயால் உறிஞ்சுகிறவர்களுக்கு வேறோர் ஆபத்து உண்டு. டீசலோ மண்ணெண்ணெயோ மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் அழற்சி வந்து ஆஸ்பத்திரியில் கிடக்க நேரும்.

ஓடிய தூரத்துக்கும் போட்ட டீசலுக்கும் உள்ள விகிதம்தான் லொறிகளுக்கான பொதுவான சோதனை. சமவெளியில் அது பயன்படும். ஊவாவில் அப்படியே பயன்படுத்துவது அநியாயம். லுணுகலைப் பக்கத்து இறக்க ஏற்றத்தில் முதல் கியரில் முனகிக்கொண்டு கொழுந்து ஏற்றிவரும் லொறியையும், பண்டாரவளைத் தார் வீதியில் ஓடும் லொறியையும் ஒரே அளவால் அளக்க முடியாது. அதே லொறி, அதே பாதை, அதே பருவம் என்று பல மாதங்களை ஒப்பிட்டால்தான் எண் எதையாவது சொல்லும். கொழுந்து மடுவத்தில் நிறுவைக்காக இஞ்சினை நிறுத்தாமல் காத்திருக்கும் நேரமும் டீசலைத் தின்னும். ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கு மீட்டர் உண்டு. அதை மின்தடை நேரத்தோடு ஒத்துப் பார்ப்பது லொறிக் கணக்கை விடச் சுலபம், அதை விட நம்பகமும் கூட.

2022

தோட்டங்களில் எரிபொருள் காப்பு அவசர விடயமானது 2022இல். வெளிநாட்டு நாணயம் தீர்ந்த நிலையில் ஏப்ரல் 12ஆம் தேதி இலங்கை அரசு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை இடைநிறுத்தியது. அதற்கு முன்பே, மார்ச் இறுதியில், மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தைத் தொட்டிருந்தது. ஜெனரேட்டர் ஓட டீசல் வேண்டும், டீசலோ செட் எனப்படும் எரிபொருள் நிலையத்தில் இல்லை. ஜனவரியில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த ஓட்டோ டீசல், ஜூன் 26ஆம் தேதி 460 ரூபாயானது. ஜூன் 27 நள்ளிரவு முதல் ஜூலை 10 வரை அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. வறண்ட காற்றில் ஊவாத் தேயிலை தன் தனி மணத்தைப் பெற்று நல்ல விலை போகும் பருவம், ஜூலை முதல் செப்டெம்பர் வரை, அப்போதுதான் தொடங்கவிருந்தது.

களவின் முகம் அப்போது மாறியது. அதுவரை கைச்செலவுக்காக விற்கப்பட்ட சில லீற்றர்கள், கறுப்புச் சந்தையில் செட் விலையைப் பல மடங்கு தாண்டின. பதுக்குவதைத் தடுக்கச் செட்களில் கேன்களுக்கு நிரப்புவது கட்டுப்படுத்தப்பட்டது. அதில் முதலில் அடிபட்டவர்கள் பதுக்கல்காரர்கள் அல்லர். வெலிமடை, ஊவா பரணகமைப் பக்கத்து உருளைக்கிழங்கு, மரக்கறி விவசாயிகளின் தண்ணீர்ப் பம்பு செட்டுக்கு வந்து நிரப்பிப் போகும் வாகனமல்ல; அதற்குக் கேன் தவிர வேறு வழியில்லை. கேனில் நிரப்ப அதிகாரிகளின் பரிந்துரைக் கடிதம் பெறுவது அவர்களுக்கு இன்னொரு வரிசையாயிற்று.

ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் என்ற கியூஆர் முறை வந்தது. ஆரம்ப வாராந்தப் பங்கீட்டில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, டிராக்டர் உள்ளிட்ட நில வாகனத்துக்கு 15, லொறிக்கு 50. பங்கீடு வாகன இலக்கத்தோடு கட்டப்பட்டதால், ஒவ்வொரு லீற்றரும் எந்த வண்டிக்குப் போனது என்ற பதிவு தோட்ட நிர்வாகங்களுக்கு வலிந்து கிடைத்தது. தம் புத்தகத்தில் பல ஆண்டுகள் எழுதாத கணக்கை அரசின் கணினி எழுதிக்கொடுத்தது என்றும் சொல்லலாம். ஆனால் வண்டிக்குள் போன பிறகு உறிஞ்சி எடுப்பதை எந்தக் கியூஆரும் காணாது. பங்கீடு 2023 செப்டெம்பர் 1ஆம் தேதியோடு நின்றது.

மண்ணெண்ணெய்க் கலப்பு

2022 ஓகஸ்ட் 21ஆம் தேதி வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய். அதன் பிறகு ஒரேயடியாக 340 ரூபாய். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் விளக்குக்கும் அடுப்புக்கும் அதை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது பேரிடி. எனினும் டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஏற்றத்துக்கு முன் இருந்த விலை இடைவெளி கலப்படத்துக்குத் திறந்த கதவு. டீசலை எடுத்துவிட்டு அதே அளவு மண்ணெண்ணெயை ஊற்றினால் கோலும் குறையாது, பசையும் நிறம் மாறாது. மண்ணெண்ணெய் டீசலை விட இலேசானது. அடர்த்திமானியை மிதக்கவிட்டு, வாங்கிய அன்றைய எண்ணோடு ஒப்பிட்டால் கலப்பு தெரியும். விலை மலிவான கருவிதான். தோட்டங்களில் இருக்கவேண்டிய அளவுக்கு இல்லை.

வேறு நாடுகள் நிறத்தை நம்பின. பிரித்தானியாவில் வரிச்சலுகையுள்ள விவசாய டீசலுக்குச் சிவப்பு. இந்தியாவில் ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலம். நிறம் இருந்தும் இந்தியாவில் கலப்படக் கும்பல்கள் ஓயவில்லை. 2011 ஜனவரி 25ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே, கலப்படத்தை நேரில் பிடிக்கப்போன மேலதிகக் கலெக்டர் யஷ்வந்த் சோனவணே உயிரோடு எரித்துக் கொல்லப்பட்டார். இரவில் தனியாகக் கேள்வி கேட்கும் தோட்டக் காவல்காரரான வாச்சரிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கும் இதை நினைவில் கொள்ளலாம்.

விறகு

எடையில் பார்த்தால் ஊவா ஸ்டோர்களின் பெரிய எரிபொருள் விறகுதான். 1 கிலோ தேயிலைக்கு ஒன்றரை முதல் 2 கிலோ வரை விறகு போகும். ஈரமானால் இன்னும் கூடும். இதில் வெட்டு மரத்தை இரவில் கடத்துவதை விட, அளவில் நடக்கும் மோசடி அதிகம் கவனிக்கவேண்டியது. கன அளவில் வாங்கினால் இடைவெளி விட்டு அடுக்கிக் கனத்தைக் கூட்டுவார்கள். எடையில் வாங்கினால் பச்சை விறகை ஏற்றித் தண்ணீருக்குக் காசு வாங்குவார்கள். லயத்துப் பெண்கள் சமையலுக்குக் கொண்டுபோகும் கவ்வாத்து மிலாறையும் (தேயிலைச் செடியைக் கத்தரிக்கும்போது விழும் குச்சி) சுள்ளியையும் இந்தக் கணக்கோடு சேர்ப்பது தவறு. கவ்வாத்துக் கழிவு ஸ்டோர் உலைக்குப் போவதில்லை.

பூட்டும் காவலும்

தொட்டி அறைக்கு இரண்டு பூட்டு, சாவிகள் இரு வேறு ஆட்களிடம்; டீசல் கொடுக்கும் நேரம் பகலில் குறித்த ஒரு மணிநேரம் மட்டும்; விளக்கு; ஸ்டோர் வாசலிலிருந்து தெரியும் இடத்தில் தொட்டி. இவை போதும். பெற்றோல் கேன்களை லயக் காம்பராவில் வைக்கக் கூடாது என்பது மட்டும் களவுக்கு அப்பாற்பட்ட விதி. ஒரே கூரையின் கீழ் காம்பராக்கள் ஒட்டி நிற்கும் லயத்தில் ஒரு கேன் பற்றினால் வரிசை முழுதும் எரியும்.

சட்டமும் விசாரணையும்

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையில் களவு 366, 367ஆம் பிரிவுகளில் வருகிறது. ஊழியர் தன் எசமானின் பொருளைத் திருடுவது 370ஆம் பிரிவில் கூடுதல் தண்டனைக்குரியது. ஏற்றிச் செல்லக் கொடுத்ததைச் சாரதி விற்றுவிட்டால் அது 390ஆம் பிரிவின் நம்பிக்கை மோசடி. திருட்டென்று தெரிந்தே வாங்குபவருக்கு 394. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை போன்ற அரச நிறுவனங்களின் தோட்டத்தில் நடந்தால் 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துச் சட்டமும் சேரும்.

நடைமுறையில் பெரும்பாலான விடயங்கள் பொலிசுக்குப் போவதில்லை. குற்றப்பத்திரம், உள்ளக விசாரணை, வேலைநீக்கம் என்று ஆபீசிலேயே முடிகின்றன. அப்படி நீக்கப்பட்ட தொழிலாளி, கைத்தொழில் பிணக்குச் சட்டத்தின் கீழ் தொழில் நியாயசபைக்குப் போகலாம். தோட்டத் தொழிற்சங்கங்கள் அங்கே அவர் சார்பில் பேசுகின்றன. வேலைநீக்கம் நியாயமானது என்று காட்டும் பொறுப்பு நிர்வாகத்துடையது. அங்கே முதலில் கேட்கப்படக்கூடிய கேள்வி, தொட்டிக்கு அட்டவணை இருந்ததா, வாச்சர் வேலைக்கு வரும்போதும் போகும்போதும் மட்டம் அளந்து இருவர் ஒப்பமிட்டார்களா என்பதுதான். மாத முடிவில் ஒரு தடவை மட்டும் கோல் இறக்கிய தோட்டத்தால், டீசல் எந்த இரவில் குறைந்தது என்று சொல்ல முடியாது. அந்த இரவில் யார் காவலில் இருந்தார் என்றும் சொல்ல முடியாது.