தன்விவரக் குறிப்பு

உத்தியோகம் நாடும் ஒருவர், தமது கல்வி, அனுபவம், திறமை ஆகியவற்றை நியமன அதிகாரி அறியும்பொருட்டுச் சுருக்கமாகத் தொகுத்தளிக்கும் ஏடு தன்விவரக் குறிப்பு எனப்படும். பயோடேட்டா, ரெஸ்யூம் என்னும் பெயர்களும் இதற்கு வழக்கில் உண்டு. ஒருவருடைய யோக்கியதையைப் பிறர் எடுத்துரைத்த நிலை மாறி, அவரே எடுத்துரைக்கும் உரிமை பெற்ற வரலாறே இதன் வரலாறாகும்.

தோற்றம்

பதவிக்குரிய தகுதிகளை வரையறுத்து எழுதிவைக்கும் வழக்கம் தமிழகத்தில் தொன்மையானது. முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஊர்ச்சபை வாரிய உறுப்பினர்க்குரிய நிலவுடைமை, சொந்த மனை, வயது, கல்வி ஆகியவற்றை விதித்ததோடு, முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர்களை விலக்கியும் வைத்தன. ஆயினும் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கக் குடத்திலிட்ட ஓலையில் (குடவோலை) இடம்பெற்றது பெயர் மட்டுமே. தம்மைப் பற்றிப் பேசும் வாய்ப்பு அபேட்சகருக்கு இல்லை.

தமக்காகத் தாமே பேசிய முன்னோடியாக இத்தாலிய ஓவியர் லியொனார்டோ டா வின்சி கருதப்படுகிறார். ஏறத்தாழ 1482-இல் மிலான் அதிபர் லுடோவிக்கோ ஸ்போர்ஸாவுக்கென அவர் அமைத்த விண்ணப்பம், பாலங்கள், பீரங்கிகள், முற்றுகைக் கருவிகள் முதலிய போர்த்தொழில் திறமைகளை வரிசையாக விவரித்துவிட்டு, ஓவியத்தை இறுதியிலேயே குறிப்பிடுகிறது. படிப்பவருடைய தேவையை முன்னிறுத்தி எழுதுவதே இக்கலையின் முதல் விதி என்பதற்கு இது சிறந்த நிதர்சனமாகும்.

படிவமும் பதிவும்

ஆங்கிலேயர் ஆட்சியில் உத்தியோகத்துக்குப் பெரியோரின் சிபாரிசுக் கடிதமே பெருந்துணையாக இருந்தது. 1929-இல் சென்னை மாகாணத்தில் சர்வீஸ் கமிஷன் அமைந்தபின், அரசுப்பணி நாடியோர் ஒரே மாதிரியான விதிகளின்கீழ் விண்ணப்பிக்கும் முறை வலுப்பெற்றது. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக 1945-இல் தொடங்கிய வேலைவாய்ப்புச் சேவை, பின்னர் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. காலியிடங்களை அதற்கு அறிவிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் 1959-இல் இயற்றப்பட்டது. பதிவு அட்டையை வாங்கி, மூன்றாண்டுகளுக்கொருமுறை புதுப்பித்து, பதிவு மூப்பின்படி அழைப்பு வருமெனக் காத்திருந்த இளைஞர்க்காக வேலைவாய்ப்பு அலுவலகமே பேசிற்று.

தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிய பயோடேட்டாவோ, தட்டச்சு செய்த முழுநீளத் தாளில், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம் முதலியவற்றில் தொடங்கி, விவரங்கள் யாவும் உண்மையே என்னும் உறுதிமொழியோடும், இடப்புறம் ஊரும் தேதியும், வலப்புறம் கையொப்பமுமாக முடியும். 1991-க்குப் பின் தனியார் துறை விரிந்ததும், 1997-இல் நௌக்ரி என்னும் வேலைவாய்ப்பு இணையதளம் தோன்றியதும் இவ்வமைப்பை மாற்றின. குலமும் குடும்பமும் பின்சென்று, செய்த பணி முன்வந்தது.

மதுரையில்

வைகையின் வடபால், வண்டியூர்க் கண்மாயை அடுத்துள்ள கே.கே. நகரின் அண்மையில் பதிவுக் காலமும் தன்விவரக் குறிப்புக் காலமும் அருகருகே விளங்குகின்றன. ஒருபுறம் கோ.புதூரில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம்; மறுபுறம் இலந்தைக்குளத்தில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா. பதிவுக்கென ஏற்பட்ட அவ்வலுவலகமே இன்று தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களையும் நடத்தி, கல்விச் சான்றிதழ்களோடு சுயவிவரக் குறிப்பையும் கொண்டுவரச் சொல்கிறது.

நற்குறிப்பின் லட்சணம்

புதிதாக வேலைக்கு வருவோர்க்கு ஒரு பக்கமும், அனுபவமுடையோர்க்கு இரண்டு பக்கமும் பெரும்பாலும் போதும். அண்மைக்காலப் பணி முதலில் வரவேண்டும். விளம்பரத்தில் கேட்ட தகுதிகளுக்கு அதே சொற்களில் விடையிருத்தல் நன்று, கணினியே முதலில் சலித்தெடுக்கும் நிறுவனங்கள் பல உள்ளமையால். ‘கணக்கு வேலை தெரியும்’ என்பது வெறும் வார்த்தை; ‘ஜவுளிக்கடையொன்றில் இரண்டாண்டு டேலியில் கணக்கெழுதி, மாதந்தோறும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்தேன்’ என்பதோ சோதித்தறியத்தக்க செய்தி. உழைப்பாளி, நேர்மையாளர் என்று தம்மைத் தாமே புகழும் அடைமொழிகளால் பிரயோஜனமில்லை.

சிபாரிசுக்கு ஆளில்லாத, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற இளைஞர்க்கு இவ்வேடே ஆதாரம். ஆகவே இதில் சத்தியம் பிறழாமல் எழுதுவது எழுதுவோரின் கடமையாவதுபோல, இதை எழுதும் முறையைக் கல்லூரிப் பருவத்திலேயே கற்பிப்பது ஆசிரியர்களின் கடமையாகும்.